தித்தாஸின் குறுக்கே ஒரு மண்பாதை: வளர்ச்சியின் வழித்தடத்தில் யாருடைய நதி?

2011ஆம் ஆண்டு வங்கதேசத்தின் பிராமன்பாரியா மாவட்டத்தில் தித்தாஸ் நதியின் குறுக்கே ஒரு மண்பாதை போடப்பட்டது. மூங்கில் நட்டு, மணல் மூட்டை அடுக்கி, மண் கொட்டி எழுப்பப்பட்ட பாதை அது. அடியில் சிமெண்ட் குழாய்கள் பதிக்கப்பட்டன. அவற்றின் வழியே நீர் ஓரளவு கடக்கும், படகு கடக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட சக்கரங்களைக் கொண்ட இழுவை வண்டிகள் அந்தப் பாதைமீது ஊர்ந்து இந்திய எல்லையை நோக்கிச் சென்றன. அவை சுமந்தவை, திரிபுராவின் பலாட்டானாவில் எழுந்துகொண்டிருந்த எரிவாயு மின்நிலையத்துக்கான இயந்திரங்கள்.

நடந்து பதினான்கு ஆண்டுகளுக்கு மேலான இந்த நிகழ்வை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நீர்வழிப் போக்குவரத்து இன்று இந்திய அரசின் முதன்மைக் கொள்கைகளில் ஒன்று. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் 106 புதிய நீர்வழிகளை அறிவித்து, மொத்த எண்ணிக்கையை 111 ஆக உயர்த்தியது. மறுபுறம், 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்த பிறகு, இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான வழித்தட ஏற்பாடுகள் சில மறுபேச்சுக்கு உள்ளாகியிருக்கின்றன. வங்கதேசச் சரக்கு இந்திய மண் வழியாக மூன்றாம் நாடுகளுக்குச் செல்ல அளித்திருந்த வசதியை 2025 ஏப்ரலில் இந்தியா திரும்பப் பெற்றது. இந்த விவாதங்களில் கேட்கப்படும் சொற்கள் பாதுகாப்பு, கட்டணம், இறையாண்மை ஆகியவையே. நதியில் வலை வீசுபவர் என்ற சொல் அவற்றில் இல்லை. தித்தாஸின் கதை, அந்தச் சொல் விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கான சான்று.

காட்டு மாநிலத்துக்கு ஒரு சுழலி

பலாட்டானா, திரிபுராவின் உதய்பூர் நகருக்கு அருகே உள்ளது. மூன்று புறமும் வங்கதேசத்தால் சூழப்பட்ட, பெரும்பகுதி காடும் குன்றுமான மாநிலம் திரிபுரா. அங்கு கிடைக்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 726 மெகாவாட் மின்சாரம் தயாரிக்க ஓஎன்ஜிசி திரிபுரா மின் நிறுவனம் திட்டமிட்டது. எரிவாயு அங்கேயே இருந்தது. இயந்திரம்தான் வெளியிலிருந்து வரவேண்டும். இத்தகைய நிலையத்தின் பெரிய எரிவாயுச் சுழலி ஒன்றின் எடை 200 டன்னைத் தாண்டும். அதைப் பிரித்து எடுத்துச்செல்லவும் முடியாது.

கொல்கத்தாவிலிருந்து சிலிகுரி, குவாஹாட்டி வழியாக அகர்தலாவுக்குச் சாலைத் தொலைவு சுமார் 1,600 கிலோமீட்டர். மேகாலயா, அசாம் மலைச்சாலைகளின் குறுகிய வளைவுகளில் அவ்வளவு நீளமான வண்டி திரும்பாது. அன்று அகர்தலாவை எட்டியிருந்த ரயில்பாதையும் மீட்டர் கேஜ்தான். வங்கதேசம் வழியாகவோ தொலைவு மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 2010 ஜனவரியில் ஹசீனா டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், மேக்னா நதிக்கரையிலுள்ள அசுகஞ்ச் படகுத்துறையைச் சரக்கு இறங்குதுறையாக அறிவிப்பதும், அளவுமீறிய பெருஞ்சரக்கை அங்கிருந்து கொண்டுசெல்வதும் இடம்பெற்றன. 1972 முதலே நடப்பில் உள்ள உள்நாட்டு நீர்வழி நெறிமுறை அதற்கு அடித்தளமாக இருந்தது.

சரக்கு கொல்கத்தாவில் தட்டைப் படகில் ஏறி, சுந்தரவனத்தின் நீர்வழிகளைக் கடந்து, மேக்னாவில் எதிர்நீச்சலிட்டு அசுகஞ்ச் வந்து சேர்ந்தது. அதுவரை சிக்கல் இல்லை. நீரின் மிதப்பு 200 டன்னையும் இலகுவாகத் தாங்கும். நீர்வழியின் சிறப்பே அதுதான். சிக்கல் அசுகஞ்சிலிருந்து அகர்தலா வரையிலான சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் தொடங்கியது.

பாலம் தாங்காது, நதி தாங்கும்

அந்தச் சாலையிலிருந்த பாலங்கள் இவ்வளவு பெரிய எடைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒருமுறை செல்லும் சரக்குக்காகப் பாலங்களை எல்லாம் மறுகட்டுமானம் செய்வது செலவு மிக்கது, காலம் பிடிப்பது. ஆகவே ஓடைகளிலும் கால்வாய்களிலும், தித்தாஸிலும், பாலத்தின் பக்கவாட்டில் மண்ணைக் கொட்டி மாற்றுப்பாதைகள் போடப்பட்டன.

பொறியியல் நோக்கில் இது தற்காலிகப் பாதை. ஆனால் ‘தற்காலிகம்’ என்பது யாருடைய நாட்காட்டியில்? மின்நிலையத்தின் ஆயுள் பல பத்தாண்டுகள் என்பதால், அதற்கு ஓராண்டு சிறு காலமே. அன்றாடம் பிடிக்கும் மீனை அன்றாடம் விற்று அரிசி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு பருவம் தவறினாலே வட்டிக்கடன்தான். நதியின் ஓட்டம் தடைபட்டால் மீனின் நடமாட்டம் மாறும். கடத்துப் படகோட்டியின் வழி மூடும். பாசனத்துக்கு நீர் எடுக்கும் சிறு விவசாயியின் மடை வறளும். 2011 இறுதியில் இச்செய்தி வங்கதேச நாளேடுகளிலும் இணையத்திலும் பரவிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே மண்பாதையை அகற்றுவது குறித்த பேச்சு வந்தது.

மின்நிலையத்தின் முதல் அலகை 2013 ஜூனில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியும், இரண்டாம் அலகை 2014 டிசம்பரில் பிரதமர் மோடியும் நாட்டுக்கு அர்ப்பணித்தனர். 2016 மார்ச் முதல் திரிபுராவிலிருந்து வங்கதேசத்துக்கு 100 மெகாவாட் மின்சாரமும் சென்றது. இந்தப் பயன்களை மறுப்பதற்கில்லை. பயனின் கணக்கு மெகாவாட்டில் துல்லியமாக எழுதப்பட்டிருக்கும்போது, இழப்பின் கணக்கு எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

தித்தாஸ் யாருடைய நதி?

அந்த நதியின் பெயரை வங்க இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் அத்வைத மல்லபர்மன். 1914இல் பிராமன்பாரியாவை அடுத்த கோகர்ணகாட்டில், மாலோ என்னும் மீனவச் சாதியில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவரை, ஊர் மாலோக்கள் காசு திரட்டிப் படிக்கவைத்தனர். 1951இல் காசநோயால் கொல்கத்தாவில் மறைந்தார். ‘தித்தாஸ் ஒரு நதியின் பெயர்’ என்ற அவரது நாவல் 1956இல், அவர் மறைவுக்குப் பிறகே நூலாக வந்தது; 1973இல் ரித்விக் கட்டக் அதைத் திரைப்படமாக்கினார். நதி தூர்ந்து திட்டு எழும்போது, நதியால் வாழ்ந்த மாலோக்களுக்கு அந்தத் திட்டில் ஒரு துண்டும் கிடைக்காமல், அந்தச் சமூகமே சிதறுவதுடன் நாவல் முடிகிறது.

இதை இங்கு நினைவூட்டுவதற்கு இலக்கியப் பெருமிதம் காரணமல்ல. நீர் உள்ளவரை மீனவருக்கு நதியில் வழக்காற்று உரிமை உண்டு. நீர் போய் நிலம் வந்துவிட்டால் உரிமை பத்திரம் உள்ளவருக்கும் தடி எடுத்தவருக்கும் போகிறது. தென்னாசியாவின் நிலவுடைமைச் சாதி அமைப்பு நீர்நிலைகளில் செயல்படும் விதம் இதுதான். மாலோக்கள் மேற்கு வங்கத்தில் பட்டியல் சாதியினர். எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தில், பட்டியல் என்பதே இல்லை. அரசமைப்பின் 28ஆம் பிரிவு சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது; அதற்கு உயிரளிக்க 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட பாகுபாட்டு எதிர்ப்பு மசோதா அந்த நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை. அரசு நீர்நிலைகளைக் குத்தகைக்கு விடும் 2009ஆம் ஆண்டுக் கொள்கை மீனவர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை தருகிறது. ‘வலை யாருடையதோ, நீர் அவருடையது’ என்பது அங்கே பழகிய முழக்கம். நடைமுறையிலோ, பணமும் செல்வாக்கும் உள்ளவர் கூட்டுறவின் பெயரில் குத்தகை எடுப்பதும், வலைக்காரர் அவரிடம் கூலியாவதும் நெடுநாள் குறை.

இன்று தித்தாஸில் மீன் பிடிப்பவர்கள் மாலோக்கள் மட்டுமல்லர். ஏழை முஸ்லிம் மீனவர்களும் இருக்கின்றனர். மண்பாதை இவர்களுள் வேறுபாடு பார்க்கவில்லை. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் குரலற்றவர்கள் யார் என்று பார்த்தால், வரிசையின் கடைசியில் நிற்பவர் யார் என்பதில் ஐயமில்லை.

சட்டம் பார்த்ததும் பாராததும்

இந்தியாவின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வந்தது. அதன்கீழ் நடக்கும் ஆய்வின் எல்லை வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர். பொதுக் கருத்துக்கேட்பும் திட்டம் அமையும் மாவட்டத்தில்தான். இயந்திரம் எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் எந்த நதி மூடப்படுகிறது, யார் பிழைப்பு கெடுகிறது என்பவை அந்த வட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகின்றன. திட்டம் ஒரு புள்ளியாகவே சட்டத்துக்குத் தெரிகிறது. அது ஒரு நீண்ட கோடு என்பது தெரிவதில்லை.

நாட்டெல்லை இதற்கு விலக்காக முடியாது. 2010 ஏப்ரலில், உருகுவே நதிக்கரைக் காகிதக்கூழ் ஆலைகள் குறித்த அர்ஜென்டினா–உருகுவே வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லை தாண்டிக் கணிசமான கேடு விளையக்கூடிய தொழில்திட்டத்துக்குத் தாக்க மதிப்பீடு செய்வது பொதுப் பன்னாட்டுச் சட்டத்தின் தேவை என்று அது கூறியது. தித்தாஸில் மண் விழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

வங்கதேசத்திலும் சட்டப் பஞ்சம் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டு, நீர்நிலைகளை மண்ணிட்டு நிரப்புவது தடைசெய்யப்பட்டது. ஆனால் தவிர்க்கமுடியாத தேசிய நலன் கருதி அனுமதி தரலாம் என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. 2011இல் அரசமைப்பில் சுற்றுச்சூழலைக் காக்கும் 18அ பிரிவு சேர்க்கப்பட்டது. நதிக்குக் குறுக்கே பாதை போடப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2019இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றப் பிரிவு, துராக் நதி வழக்கில், நாட்டின் நதிகளைச் சட்ட ஆளுமைகள் என்றே அறிவித்தது. நதிக்கு ஆளுமை கிடைத்தது. நதியால் வாழ்பவரின் உரிமை இன்னும் பெயரிடப்படவில்லை.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இங்கு ஒரு முக்கியமான முன்னேற்றம். ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் நிலமற்றவரும், நீர்நிலையை நம்பி வாழும் மீனவரும் படகோட்டியும் சேர்க்கப்பட்டனர். ஆனால் அந்த உரிமை பிறப்பதற்கு நிலம் கையகப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு நதியைச் சில மாதங்கள் மூடுவது கையகப்படுத்தல் ஆகாது. நீதிமன்றத்தில் மீனவருக்காக நிற்கும் வழக்கறிஞரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “உங்கள் கட்சிக்காரரின் உரிமைக்கு ஆவணம் எங்கே?” என்பது. தலைமுறைகளாக நிலம் வைத்திருக்கவே அனுமதிக்கப்படாத சாதியிடம் கேட்கப்படும் கேள்வி இது. சாதி மறுத்ததைச் சான்றாகக் கேட்கும் சட்டம், சாதியின் வேலையைச் சாதியின் பெயர் சொல்லாமலே முடித்துவிடுகிறது.

அம்பேத்கரின் நீர்வழி

இதை நீர்வழிப் போக்குவரத்துக்கு எதிரான வாதமாகப் படிக்கக் கூடாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, நதிகளைப் பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்ற கொள்கையை முன்னெடுத்தவர் அம்பேத்கர். மத்திய நீர்வழி, பாசனம், போக்குவரத்து ஆணையம் 1945இல் உருவானது அவர் பொறுப்புக் காலத்தில்தான். 1946இல் அவரை அரசமைப்பு அவைக்கு அனுப்பியதும் வங்கமே. ஜோகேந்திரநாத் மண்டல் முதலான வங்கத்துப் பட்டியல் சாதித் தலைவர்களின் முயற்சியால் அது நிகழ்ந்தது. நமது அரசமைப்பின் வரலாற்றில் அந்த நதிக்கரை மக்களுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நதி செல்வத்தைக் கொண்டுவரட்டும். அந்தச் செல்வம் நதிக்கரையின் கடைசி மனிதரையும் எட்டவேண்டும் என்பதே அம்பேத்கரிய நோக்கு. அந்த நோக்கிலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுகின்றன.

முதலாவது, தாக்க மதிப்பீடு திட்ட இடத்தோடு நின்றுவிடாமல் பெருஞ்சரக்கு செல்லும் வழித்தடம் முழுவதையும் உள்ளடக்க வேண்டும். கருத்துக்கேட்பு அந்த வழித்தட ஊர்களிலும் நடக்கவேண்டும். இரண்டாவது, நீரைத் தற்காலிகமாகத் தடுப்பதையும் வாழ்வாதார இழப்பாக அங்கீகரித்து, பத்திரம் கேட்காமல், தொழிலையும் வசிப்பையும் சான்றாக ஏற்று, தடை தொடங்கும் முன்பே இழப்பீடு தரவேண்டும். படகு கடக்க வழிவிட்டுப் பாதை அமைப்பதும், மண்ணை அகற்றும் கெடுவும் ஒப்பந்த நிபந்தனைகளாக வேண்டும். மூன்றாவது, இருநாட்டு வழித்தட ஒப்பந்தம் எதுவாயினும், இருகரை மீனவர் அமைப்புகளைக் கலந்தாலோசிக்கும் விதி அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைக்குச் செலவு அதிகம் என்ற வாதம் வரும். 200 டன் இயந்திரத்தை ஒரு கீறலும் படாமல் கொண்டுசேர்க்கக் காப்பீடு எடுக்கப்படுகிறது. அது கடந்துசெல்லும் நீரில் வலை வைத்திருப்பவரின் ஒரு பருவ வருமானம் அந்தக் காப்பீட்டுத் தொகையின் அருகில்கூட வராது. பணம் இல்லாததால் அது விடுபடவில்லை. அந்த மனிதர் சரக்குப் பட்டியலிலும் இல்லை, பாதிக்கப்பட்டோர் பட்டியலிலும் இல்லை என்பதால் விடுபட்டது.

டாக்காவிலும் டெல்லியிலும் வழித்தடங்கள் குறித்து அடுத்த சுற்றுப் பேச்சு நடக்கும்போது, நீரின் ஆழமும் பாலத்தின் வலுவும் நிச்சயம் அளக்கப்படும். அந்த நதியை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பதும் அதே கோப்பில் எழுதப்படவேண்டும். அதை எழுதவைக்கும் பொறுப்பு, எல்லையின் இருபுறமும், நம்முடையது.