ஆலைக்கு நிலம் கொடுக்கும்போதே வீட்டுக்கும் இடம் கேளுங்கள்

ஒரு கம்பெனி தமிழ்நாட்டில் ஆலை கட்ட வந்தால் அரசின் சிப்காட் நிறுவனம் அதற்கு நிலம் தருகிறது. சாலை, தண்ணீர், மின்சாரம், மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்கிறது. அந்த ஆலைக்கு வேலைக்கு வரப்போகிற ஆயிரம் பேர் எங்கே குடியிருப்பார்கள் என்பது மட்டும் சட்டப்படி யாருடைய பொறுப்பும் இல்லை. அதை எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டார்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அம்பத்தூரில் மனை வாங்க வழியில்லாமல் வேப்பம்பட்டுக்கு வந்தேன். இப்போது மாடியில் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒன்றில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளம் தம்பதி. மனைவிக்குக் காக்களூர் சிட்கோவில் பேக்கிங் வேலை. கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலை வேலை. வேப்பம்பட்டு அரக்கோணம் தடத்திலும் கும்மிடிப்பூண்டி கூடூர் தடத்திலும் இருப்பதால், ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறி மறுபடி வடக்கே போக வேண்டும். பஸ் என்றால் திருவள்ளூர், பெரியபாளையம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஷிப்ட் நேரத்துக்கு இரண்டுமே ஒத்துவராது. அதனால் அவர் ஆலைக்குப் பக்கத்தில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். அங்கே குடும்பத்தோடு இருக்கும்படி அவர் சம்பளத்துக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் வேலை செய்கிற ஒரு குடும்பம் மூன்று இடத்தில் கிடக்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் வேண்டும் என்றது. 50 பெண்களுக்கு மேல் (பின்னர் திருத்தப்பட்டு 30) இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் முதலாளி வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்றது. மலைமேல் வேறு வீடு கிடைக்காது, சமவெளியில் எப்படியாவது கிடைத்துவிடும் என்று அன்று நினைத்திருக்கலாம். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு அலைந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரசு சொந்தமாக ஆலை கட்டிய காலத்தில் வீட்டையும் சேர்த்தே கட்டியது. ஆவடி டேங்க் தொழிற்சாலையின் குடியிருப்பும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் குடியிருப்பும் அப்படி வந்தவை. பள்ளிக்கூடம், மைதானம், மருத்துவமனை எல்லாம் அங்கே கூடவே வந்தன. எஸ்டேட்டில் நாங்கள் நின்ற ஷெட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரசு இதை உணரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாடே பார்த்தது. அதன்பின் 2024 ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 18,720 பெண்கள் தங்குகிற வளாகத்தை முதல்வர் திறந்துவைத்தார். செலவு 700 கோடிக்கு மேல். அதே வருடம் மத்திய பட்ஜெட்டிலும் தொழிலாளர்களுக்கு வாடகை விடுதி கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒழுங்கான கழிவறை, காற்றோட்டம், பாதுகாப்பு எல்லாம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் இருபது வயதில் வந்தவருக்குத்தான் கட்டில் போதும். இருபத்தைந்தில் கல்யாணம் ஆனால் அவர் விடுதியை விட வேண்டும், பெரும்பாலும் வேலையையும் விட வேண்டும். இந்தியாவின் ஆலைத் தொழிலாளர்களில் பெண்கள் நூறு பேரை எடுத்தால் நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சில வருடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பிவிடும் ஏற்பாடாக இந்த விடுதிகள் ஆகிவிடக் கூடாது.

ஆகவே திட்டம் போதாது, சட்டம் வேண்டும். சலுகை விலையில் நிலமும் மானியமும் பெறுகிற ஒவ்வொரு ஆலையும் தன் தொழிலாளர்களில் ஒரு பங்குக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வாடகை வீடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கணக்கில் பத்து பேரைக் காட்டிவிட்டுத் தொண்ணூறு பேரைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிடுவார்கள். கட்டுகிற வீடுகளில் பாதியாவது சமையலறையும் தனிக் கழிவறையும் உள்ள குடும்ப வீடாக இருக்க வேண்டும்.

சாவி ஆலையின் கையில் இருக்கக் கூடாது என்பதை இதைவிட அழுத்திச் சொல்வேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024இல் என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், விருப்ப ஓய்வுக் கடிதத்தோடு குடியிருந்த லயன் வீட்டையும் விடச் சொல்லப்பட்டார்கள். வேலை போன அன்றே வீடும் போகும் என்றால், எந்தத் தொழிலாளி ஓவர்டைம் பாக்கியைக் கேட்பார்? சங்கத்தில் சேருவார்? பணம் ஆலை கொடுக்கட்டும். வீட்டுவசதி வாரியமோ அதற்கென அமைக்கிற ஒரு பொது நிறுவனமோ கட்டி, வாடகைக்கு விட்டு, பராமரிக்கட்டும். ஆலை மாறினாலும் குடும்பம் அங்கேயே இருக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறாது.

ரயில் நிலையங்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2021இல் ஒரு சட்டம் போட்டது. பாஸ்டன் நகரப் போக்குவரத்தின் பலனைப் பெறும் 177 ஊர்களும் அடுக்குக் குடியிருப்புக்குத் தடையில்லாத இடம் ஒதுக்க வேண்டும்; நிலையம் உள்ள ஊரில் அது பெரும்பாலும் நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் இருக்க வேண்டும். மில்டன் என்ற ஊர் மறுத்தது. சட்டம் செல்லும் என்று 2025 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே கல் நட்டு விற்ற மனைகள் புல் முளைத்துக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கான மனையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மனையாக விற்பதோடு அது முடிந்துவிடுகிறது. மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறவர் மனை வாங்கி எப்போது வீடு கட்டுவார்? அந்தப் பங்கில் வாடகை வீடு வந்தால் அவருக்குப் பயன்படும்.

ஆனால் வீடு மட்டும் வந்தால் போதாது. 2023 நவம்பரில் வேப்பம்பட்டில் தண்டவாளத்தைக் கடந்த ஒரு தந்தையும் இரண்டு மகள்களும் ரயில் மோதி இறந்தார்கள். மேம்பால வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. மக்கள் முதலில் வந்து குடியேறி, பாலம் பிறகு வந்தால் இதுதான் நடக்கும். பாலம், சாக்கடை, பள்ளி, பஸ் எல்லாம் அந்த வீடுகளின் செலவுக் கணக்கிலேயே சேர வேண்டும்.

வாடகை குறையும் என்று என் தெருக்காரர்களே கோபப்படுவார்கள். குறையட்டும். அம்பத்தூரில் குடியிருக்க வழியில்லாமல் நான் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்தேன். என் மாடியில் இருப்பவர்கள் இன்னும் எவ்வளவு தள்ளிப் போவார்கள்? எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் வரை 132 கிலோமீட்டருக்குச் சுற்றுச் சாலை வருகிறது. மாப்பேட்டில் சரக்குப் பூங்கா, மாநெல்லூரில் சிப்காட் பூங்கா. இவற்றைச் சுற்றி நில விலை ஏறிவிட்டால் வாரியம் நினைத்தாலும் இடம் வாங்க முடியாது. மாநெல்லூரில் இனி கொடுக்கப்போகிற ஒவ்வொரு ஒதுக்கீட்டு ஆணையிலும் குடியிருப்பு நிபந்தனையை எழுத, சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.