சும்மா கிடக்கும் நிலம்

புவனகிரி என்றால் ராகவேந்திரர் பிறந்த ஊர் என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். தெலங்கானாவில் கோட்டையோடு இருக்கும் புவனகிரியை நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு. எங்கள் புவனகிரி வெள்ளாற்றின் வடகரையில், சிதம்பரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பேரூராட்சி. அங்கே எங்கள் தெருவின் கோடியில் ஒரு திடல் இருந்தது. அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. திடல் என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். தை மாசியில் அங்கே நெல் காயும். கோடையில் ஒரு வாரம் கூத்து நடக்கும். மற்ற நாட்களில் பையன்கள் விளையாடுவார்கள், ஆடுகள் மேயும், அந்தி சாய்ந்ததும் கிழவர்கள் துண்டை விரித்துப் படுத்துக்கிடப்பார்கள்.

பிறகு அந்த இடம் கைமாறி அதில் ஒரு திருமண மண்டபம் எழுந்தது. "சும்மா கெடந்த எடம், இப்பவாச்சும் ஒரு பிரயோசனம் வந்துச்சே" என்று பெரியப்பா சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. என் திருமணமே அந்த மண்டபத்தில்தான் நடந்தது. ஆகவே இந்தக் கட்டுரையை நான் குற்றமற்றவனாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரியப்பாவின் அந்தச் சொல் பல ஆண்டுகள் கழித்து, 2024இல் வடலூரைப் பற்றிய விவாதங்களைப் படிக்கையில் மீண்டும் நினைவுக்கு வந்தது. சத்திய ஞான சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் சர்வதேச மையம் அமைக்க அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில், அடித்தளத்துக்காகத் தோண்டப்பட்ட பள்ளங்களுக்குள் இறங்கி நின்று பார்வதிபுரத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் சட்டப் பக்கத்துக்குள் நான் போகப்போவதில்லை. எத்தனையோ பேர் சொல்லக் கேட்ட ஒரு வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. "அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது?"

பெருவெளி எப்படி உண்டானது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. இராமலிங்கர் 1823இல் புவனகிரிக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்தவர். சென்னை வாழ்க்கையைத் துறந்து வந்து, சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் உலவி, கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கினார். 1867 மே மாதம் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்தப் பணிகளுக்காகப் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை, அதாவது நூறு ஏக்கருக்கும் கூடுதலான நிலத்தை, அவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர் மன்னரோ ஜமீன்தாரோ இல்லை. உழுது பிழைத்த ஒரு கிராமத்தார். 1872 ஜனவரியில், தைப்பூசத்தன்று, அந்த நிலத்தின் நடுவே எண்கோண வடிவில் அமைந்த சபை திறக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கையில் இருந்தும் அவர் எழுப்பியவை மிகக் குறைவு. பசித்தவர்களுக்கு ஒரு சாலை, சோதிக்கு ஒரு சபை. மதிலும் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் எழுப்பும் மரபிலிருந்துதான் அவரும் வந்தார். இளமையில் கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் சிதம்பரத்தையும் பாடித் திரிந்தவருக்குப் பெரிய கோயில் என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்? மிச்ச நிலத்தை அவர் விட்டுவைத்தார். அதைக் கட்டி முடிக்காத நிலம் என்று எண்ணுவது நம் பழக்கத்தின் கோளாறு. என் வாசிப்பில், அவர் கட்டியவற்றில் பெரியது அந்த வெளிதான்.

சிதம்பரத்தை அறிந்த எங்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரிய வேண்டும். அங்கே ஆகாயமே மூர்த்தம். திரையை விலக்கினால் தங்க வில்வமாலை தொங்கும் வெற்றிடம். அதையே இரகசியம் என்கிறோம். அந்த வெட்டவெளி பிராகாரங்களுக்கும் மதில்களுக்கும் உள்ளே, தீட்சிதர்களின் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பகுதியில் அதன் நேர் வாரிசைப் போல எழுந்தது வடலூர். அதை ஞான சிதம்பரம் என்று சொல்வதும் உண்டு. ஆனால் இங்கே முறை மாறுகிறது. ஏழு திரைகளுக்கு அப்பால் இருப்பது சோதி. வெளியோ திரைக்கு இந்தப் பக்கம், மக்கள் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது. சாதி கேட்காமல், சீட்டு வாங்காமல், யாரும் வந்து நிற்கக்கூடிய இடம் அது. தமிழ்நாட்டுச் சமய வரலாற்றில் இதை நான் ஒரு பெரிய மாற்றமாகக் கருதுகிறேன்.

சிறுவயதில் பெரியம்மாவோடு பூசத்துக்குப் போவேன். வடலூர் எங்களூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் அன்றைக்குப் பேருந்தில் ஏற முடியாது. அரிசி மூட்டையும் காய்கறிக் கூடையுமாகத் தருமசாலைக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் நடந்துகொண்டிருப்பார்கள். பூசத்தன்று ஆறு காலம் சோதி காட்டுவார்கள். லட்சக்கணக்கான பேரில் சபைக்கு அருகில் போக முடிந்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் வெளியில் இருந்தார்கள். பெரியம்மாவும் நானும் வெகு தொலைவில் ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தோம். விடியற்காலைப் பனியில் தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. "பாத்துட்டியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். உண்மையில் நான் பார்த்தது அதிகமும் மனிதத் தலைகளைத்தான். ஆனால் எவ்வளவு தொலைவில் நின்றாலும் நமக்கும் சபைக்கும் இடையில் எதுவும் இல்லை என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

அந்த வடலூர் இன்று இல்லை. அப்போது அது ஒரு நாற்சந்தியும் பீங்கான் தொழிற்சாலைகளும் முந்திரித் தோப்புகளும் கொண்ட சிற்றூர். பக்கத்திலேயே நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானதிலிருந்து அதன் வளர்ச்சியின் நிழல் வடலூர்மீது விழுந்துகொண்டே இருந்தது. 2021இல் வடலூர் நகராட்சியாயிற்று. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையை நான்கு வழிச் சாலையாக்கும் பணி ஊரின் முகத்தை மாற்றிவிட்டது. மனைப்பிரிவுக் கொடிகள், தங்கும் விடுதிகள், வணிக வளாகங்கள் எல்லாம் வந்தன. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு வேலை வேண்டும், நல்ல சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும். என் நினைவுகள் அழகாக இருப்பதற்காக வடலூர்க்காரர்கள் சிற்றூரிலேயே தங்கிவிட வேண்டும் என்று கேட்பது அநியாயம். ஆனால் ஊர் நாற்புறமும் நெருங்க நெருங்க, நடுவில் எஞ்சியிருக்கும் அந்த எழுபது ஏக்கரின் அருமை கூடத்தான் செய்கிறது. நிலத்தின் விலை ஏறுகிறபோது வெட்டவெளியின் மதிப்பும் ஏறுகிறது என்பதை மட்டும் நாம் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

மையம் வேண்டும் என்பவர்களின் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. வருகிற கூட்டத்துக்குக் கழிப்பறையும் குடிநீரும் நிழலும் போதவில்லை. முதியவர்கள் பனியில் கிடக்கிறார்கள். திருவருட்பாவின் கையெழுத்துப் படிகளையும் பழைய பதிப்புகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க நல்ல நூலகம் வேண்டும். அவருடைய பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று 2021இல் அறிவித்த அரசு அவருக்கு ஒரு மையம் கட்ட முன்வந்ததில் உள்நோக்கம் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. கட்டடம் எழுவது மொத்தப் பரப்பில் சிறு பகுதியில்தானே என்பதும் சொல்லப்படுகிறது.

கடைசி வாதத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எந்த வெட்டவெளியும் ஒரே நாளில் மறைந்ததில்லை. முதலில் ஒரு கட்டடம். அதற்கு ஒரு சுற்றுச்சுவர். பிறகு வாகன நிறுத்தம், காவலர் அறை, உணவகம், நுழைவாயில் வளைவு. ஒவ்வொன்றும் சிறு பகுதிதான், ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். எங்களூர்த் திடலில்கூட முதலில் வந்தது ஒரு தண்ணீர்த் தொட்டிதான்.

மதுரைக்காரர்கள் இதைத் தமுக்கத்தில் பார்த்தார்கள். சித்திரைப் பொருட்காட்சியும் அரசியல் கூட்டங்களும் புத்தகத் திருவிழாவும் நடந்த மைதானம் அது. சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் அங்கே பெரிய மாநாட்டு மையம் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுப் புத்தகத் திருவிழாவும் அங்கேயே நடந்தது. மழைக்குப் பயமில்லை, தரை சுத்தம். வசதி என்று பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் மைதானத்துக்குள் காரணமின்றி நுழையலாம். மண்டபத்துக்குள் நுழையக் காரணம் வேண்டும். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனை யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. மண்டபத்துக்கு வாடகை உண்டு, பூட்டு உண்டு, சாவி வைத்திருப்பவர் உண்டு. ஒரு ஊரின் குணம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

வேறு விதமாகவும் முடிவெடுக்க முடியும். பெர்லின் நகரில் தெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. முன்னூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்தப் பரப்பு 2010இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் விளிம்புகளில் வீடுகளும் நூலகமும் கட்டலாம் என்று நகர நிர்வாகம் திட்டமிட்டது. வீட்டுத் தட்டுப்பாடு நிஜமாகவே உள்ள நகரம் அது. ஆனாலும் 2014 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அந்த வெளியில் எதையும் கட்டக்கூடாது என்று வாக்களித்தார்கள். அவர்கள் முடிவு சரியா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவர்களிடம் கேட்டார்கள்.

பார்வதிபுரத்தில் நிலைமை இன்னும் நெருக்கமானது. ஆண்டுதோறும் தைப்பூசக் கொடியேற்றத்துக்குச் சீர்வரிசை எடுத்துவரும் ஊர் அது. தாத்தாவின் தாத்தா கொடுத்த நிலம் என்று அவர்கள் சொல்கிறபோது பத்திரத்தின் மொழியில் அதற்கு மதிப்பில்லாமல் போகலாம். ஆனால் தானம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுவது. நோக்கத்தைச் சற்றே மாற்ற நினைத்தாலும் முதலில் போய்க் கேட்க வேண்டிய வாசல் அவர்களுடையது. பள்ளத்துக்குள் இறங்கி நின்றால்தான் தங்கள் குரல் கேட்கும் என்ற நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டதே எனக்கு வருத்தம் தருகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2023 ஜூலையில், புவனகிரி வட்டத்தைச் சேர்ந்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெல்வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான் என்றது நிர்வாகம். காகிதத்தில் அது உண்மை. காகிதத்தில் அந்த வயலும் சும்மா கிடந்த நிலம்தான். நெல் நின்றிருந்தது கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பயிர் வாடினாலும் மனம் வாடியவர் பிறந்த மருதூரும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, மையம் வேண்டாமா? வேண்டும். வடலூரிலேயே பெருவெளிக்கு வெளியே, சாலைகள் கூடும் பகுதியில் அதை அமைக்கலாம். அல்லது ஒரே இடத்தில் நூறு கோடியைக் குவிப்பதற்குப் பதில், அவர் வாழ்க்கையோடு ஒட்டிய ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். மருதூரில் ஒரு நூலகம், கருங்குழியில் ஒரு சுவடி, பதிப்பு ஆய்வகம், மேட்டுக்குப்பத்தில் தங்குமிடம். எங்கள் பகுதியின் சிற்றூர்களுக்கு அது பெரிய உதவி. வருகிறவர்களும் அவர் நடந்த தடத்தில் கொஞ்சம் நடப்பார்கள். பூச நாட்களுக்கு வேண்டிய கழிப்பறைகளையும் நிழற்பந்தல்களையும் தற்காலிகமாக அமைத்துப் பிறகு எடுத்துவிட நம் ஊர்ப் பந்தல்காரர்களுக்குத் தெரியும். காலங்காலமாக அதைத்தான் செய்கிறார்கள். பெருவெளியை மட்டும், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கட்டடம் எழுப்பப்படாத நிலம் என்று எழுத்தில் காப்பாற்றிவிட வேண்டும்.

சும்மா என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வேலையற்றுக் கிடப்பதும் சும்மாதான். சித்தர்களும் தாயுமானவரும் தேடிய மிக உயர்ந்த நிலையும் சும்மா இருப்பதுதான். ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கும் மொழிக்காரர்களான நாம், நிலம் என்று வந்ததும் முதல் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் காலத்துக் கிழவர்கள் மாலையில் துண்டு விரித்துப் படுத்துக்கிடந்த இடத்தில் மண்டபத்தின் வாகன நிறுத்தம் இருக்கிறது. முகூர்த்தமில்லாத நாட்களில் அதன் இரும்புக் கதவு பூட்டியிருக்கும். சென்ற முறை ஊருக்குப் போனபோது நான்கைந்து பையன்கள் அந்தக் கதவுக்கு வெளியே, தெருவிலேயே மட்டையும் பந்துமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பேருந்து வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்றார்கள். பந்து ஒருமுறை கதவைத் தாண்டி உள்ளே விழுந்தது. எடுத்துத் தர அங்கே யாரும் இல்லை.