மன்னிப்பு கேட்டால் மட்டும் போதுமா?

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். மாநிலத்துக்கு அங்கே எல்லை உண்டு. கிரிக்கெட்டுக்கு எல்லை இல்லை!

ஓசூரில் லாரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கைக்கடிகாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். "சென்னையா, பெங்களூரா?" இந்த வாதம் தமிழில் நடக்கும், தெலுங்கில் நடக்கும், கன்னடத்திலும் நடக்கும். ஆட்டக்காரரின் பெயர் போட்ட பனியனை அப்பாவும் போட்டுக்கொள்கிறார், பிள்ளையும் போட்டுக்கொள்கிறான்.

ஆட்டத்தை ரசிப்பது தவறல்ல. ஆனால் அந்த ஆட்டக்காரர் ஒரு தவறு செய்துவிட்டால் என்ன நடக்கிறது?

ஓர் அறிக்கை வருகிறது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று அதில் இருக்கிறது. உடனே ரசிகர்கள், "அவர்தான் மன்னிப்பு கேட்டுவிட்டாரே, இன்னும் என்ன?" என்கிறார்கள். விஷயம் அத்தோடு முடிந்துபோகிறது.

கிறிஸ்தவ மார்க்கம் அத்தோடு முடிப்பதில்லை.

20 லட்சம் ரூபாய்

2019 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள்.

இந்திப் பட டைரக்டர் கரண் ஜோகர் நடத்திய டெலிவிஷன் பேட்டியில் ஹர்திக் பாண்டியாவும், கர்நாடகத்தைச் சேர்ந்த கே. எல். ராகுலும் கலந்துகொண்டார்கள். பெண்களை இழிவுபடுத்தும் விதத்தில் பாண்டியா பேசினார். ராகுலின் பேச்சும் கண்டனத்துக்கு ஆளானது.

நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பாண்டியா மன்னிப்பு கேட்டார். பேட்டியின் போக்கில் தன்னை மறந்து பேசிவிட்டதாகச் சொன்னார். கிரிக்கெட் வாரியம் இருவரையும் சஸ்பெண்டு செய்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த அவர்கள் பாதியில் ஊர் திரும்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் தடை நீக்கப்பட்டது.

அதன்பிறகு, வாரியத்தின் குறைதீர்ப்பு அதிகாரியான முன்னாள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி டி. கே. ஜெயின் ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பு கூறினார். ஒவ்வொருவரும் 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். பணியில் உயிர்நீத்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரின் குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம். பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு 10 லட்சம்.

நல்ல தீர்ப்பு. வாய் மன்னிப்பு போதாது, கையும் திறக்க வேண்டும் என்று அது காட்டியது.

ஆனாலும் இரண்டு குறைகள் கண்ணில் படுகின்றன. இழிவுபட்டவர்கள் பெண்கள்; பணம் போனதோ வேறு இடத்துக்கு! இன்னொன்று, அந்தப் பணம் உத்தரவின் பேரில் கொடுக்கப்பட்டது.

சகேயு என்ன செய்தான்?

பைபிளில் சகேயு என்று ஒருவன் வருகிறான். எரிகோ நகரத்தில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பெரும் பணக்காரன். ஊரே அவனை வெறுத்தது. இயேசுவைப் பார்ப்பதற்காக அவன் மரத்தில் ஏறினான். இயேசு அவனைக் கீழே அழைத்து, அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார்.

சகேயு அறிக்கை விடவில்லை. தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். யாரையாவது ஏமாற்றியிருந்தால், அவருக்கே நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். யாரும் அவனுக்கு உத்தரவு போடவில்லை!

எலத்தகிரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கத்தோலிக்கர் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தால், அதில் மூன்று படிகள் உண்டு. மனம் வருந்த வேண்டும். செய்த பாவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிகாரம் செய்ய வேண்டும். மூன்றாவது படியைத்தான் பிரபலங்கள் மறந்துவிடுகிறார்கள்.

இது மதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் விஷயமல்ல. தெருவில் பந்து விளையாடும் பையன் அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டால் தாய் என்ன சொல்லுவாள்? "போய் மன்னிப்பு கேள்" என்பாள். அதோடு விடுவாளா? புதுக் கண்ணாடியும் வாங்கிப் போடச் செய்வாள். நம் பிள்ளைக்கு உள்ள நியாயம்தானே ஆட்டக்காரருக்கும்?

நம் கடமை என்ன?

தவறு செய்தவரை வாழ்நாள் முழுவதும் விரட்டலாமா? அதுவும் கூடாது.

2018 மார்ச்சில் கேப் டவுன் நகரில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஒருவர் பந்தை உப்புத்தாளால் தேய்த்துப் பிடிபட்டார். அதற்கு இடம் கொடுத்த காப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஓராண்டு தடை. சிட்னி விமான நிலையத்தில் நிருபர்கள் முன்னால் அவர் கண்ணீர் விட்டு அழுதார். தந்தை பின்னால் நின்று தோளைத் தொட்டுத் தேற்றினார். பொறுப்பு தன்னுடையது என்று ஸ்மித் ஒப்புக்கொண்டார். அப்பீல் செய்யாமல் தண்டனையை முழுவதும் அனுபவித்தார்.

2019 ஜூன் 9 அன்று லண்டனில் இந்தியாவுக்கு எதிராக அவர் ஆட வந்தபோது, நம் நாட்டு ரசிகர்கள் ஏளனக் கூச்சல் போட்டார்கள். பெங்களூர் அணியின் நட்சத்திரமான விராட் கோலிதான் அப்போது இந்தியக் காப்டன். அவர் ரசிகர்களை நோக்கி, "கை தட்டுங்கள்" என்று சைகை காட்டினார். ரசிகர்களுக்காக ஸ்மித்திடம் தானே மன்னிப்பு கேட்டார்!

ஏளனம் செய்தவர்கள் ரசிகர்கள்; தலை குனிந்தவர் காப்டன். ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ரசிகர்களும் தவறு செய்வார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே, இனி ஒரு நட்சத்திரம் மன்னிப்பு கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்குத் தீங்கு செய்தாரோ, அவரிடம் கேட்டாரா? செய்த தவறு இன்னது என்று சொன்னாரா? அதற்கு ஈடாக என்ன செய்தார்?

மன்னிப்பது நம் கடமை. ஈடு செய்வது அவர் கடமை. ஒரு கடனைத் தீர்த்தால் இன்னொரு கடன் தீர்ந்துவிடாது.