பத்தடி தள்ளி நில்லுங்கள்

1839, ஆகஸ்ட் 19 அன்று டாகுரேயின் புகைப்பட முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்குப் பொதுவாக்கியது. இங்கிலாந்தில் மட்டும் காப்புரிமை. அங்கே காசு கட்ட வேண்டியிருந்தது. அந்த நாளைத்தான் உலகப் புகைப்பட நாள் என்கிறார்கள். இலவசத்தைக் கொண்டாட, இந்த வாரப் பேப்பர் முழுக்க லட்ச ரூபாய் போன் விளம்பரம்!

மாடி வீட்டுப் பையன் ஒன்று வாங்கியே விட்டான். "இருநூறு மெகாபிக்சல், மாமி" என்று குழந்தையின் பிறந்தநாள் படத்தைக் காட்டினான். ஜன்னல் கம்பி துல்லியமாக விழுந்திருந்தது. அதற்கு முன்னால் நின்ற குழந்தையின் முகம் மட்டும் கரி. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி ஆளை நிறுத்துகிறவர்களைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் புலம்பாத மாதம் உண்டா?

கோபத்தில் பழைய ஆல்பத்தை எடுத்தேன். எல்லாம் அப்பாவின் அக்ஃபா கிளிக் 3-ல் எடுத்தவை. பரோடாவில் தயாரான கேமரா அது. அரசாங்க குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்குக் கட்டுப்படியான விலை. ஒற்றை லென்ஸ், ஃபோகஸ் திருகவே முடியாது. ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய முப்பதில் ஒரு விநாடி. மூச்சை அடக்காவிட்டால் படம் ஆடிவிடும். ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்பதால், யோசிக்காமல் அமுக்கவும் மாட்டார்.

அந்த ஆல்பத்தில் டெல்லி லக்ஷ்மிபாய் நகரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாலபாடம். எல்லோரும் செருப்போடு முழு உருவமாகத் தெரிகிறார்கள். பத்தடிக்குள் வந்தால் மங்கிவிடும் என்று பயம். அழகாக அமைந்தவை டிசம்பர் படங்கள். அப்போது அங்கே உச்சி வெயிலே 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்து வரும் வெளிச்சம் கண்ணுக்கடியில் நிழல் கட்டாது.

ஆனால் புரட்டப் புரட்ட ஒன்று உறைத்தது. எல்லாமே வெளியே, புல்தரையில் எடுத்தவை. அம்மா நாளின் பாதியைக் கழித்த அடுக்களையில் ஒரு படம்கூட இல்லை. அங்கே வெளிச்சம் போதாது. பத்தடி நீளமும் கிடையாது. பிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது, அதற்கு அப்பாவின் பட்ஜெட்டில் இடமில்லை.

இன்றைக்கு இருப்பதிலேயே மலிவான ஸ்மார்ட்போனுக்கும் அந்தத் தடை இல்லை. அம்மாவை அடுக்களையிலேயே எடுங்கள். லென்ஸில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். பிளாஷை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஜூம் செய்யாமல் இரண்டடி முன்னால் போங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

"ஐயோ, இந்தக் கோலத்திலா?" என்று அம்மா கரண்டியை ஓங்குவார். ஆமாம், இந்தக் கோலத்தில்தான்.