கரும்புக்காட்டில் விளைந்த இந்தி

2023 பிப்ரவரியில் ஃபிஜியின் நாடி நகரில் பன்னிரண்டாவது உலக இந்தி மாநாடு நடந்தது. 1975இல் நாகபுரியில் தொடங்கிய இந்த மாநாட்டு வரிசை மொரீஷியஸ், டிரினிடாட், சுரினாம் என்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் நாடுகளுக்கும் சென்றிருக்கிறது. மொரீஷியஸில் 2008 முதல் உலக இந்திச் செயலகமும் இயங்குகிறது. கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் மொழியை இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த இந்தியை வளர்ப்பது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மக்கள் அங்கே தாமாக உருவாக்கிக்கொண்ட மொழியையும் அதில் பிறக்கும் எழுத்தையும் முதலில் வளர்க்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

ஃபிஜியையே எடுத்துக்கொள்வோம். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். முதலில் போனவர்களில் பெரும்பாலோர் அவதி, போஜ்புரி பேசியவர்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனச் சுமார் பதினைந்தாயிரம் பேர் போனார்கள். பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலில் அழுதது இந்தத் தீவின் பெண்களுக்காகத்தான். கூலி லயங்களில் இவர்கள் எல்லோரும் கலந்து பேசிப்பேசி உருவானது ஃபிஜி இந்தி. ‘சாப்பிட்டான்’ என்பதற்குத் தில்லிப் பாடநூலில் ‘உஸ்னே காயா’ என்றிருப்பது அங்கே ‘ஊ காயிஸ்’. சாப்பிட்டது ஆணானாலும் பெண்ணானாலும் அதே சொற்கள்தான். தமிழ் வழிவந்த குடும்பங்களிலும் இன்று பெரும்பாலும் இதுவே வீட்டு மொழி. பள்ளிக்கூடத்திலோ நெடுங்காலமாக ‘சுத்த இந்தி’தான் பாடம். தாயின் பேச்சு கொச்சை என்று கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு இரண்டு இந்தியும் அந்நியமாகிவிடும்.

அந்தப் பேச்சில் இலக்கியம் உண்டா என்று கேட்பவர்களுக்கு சுப்பிரமணி பதில் சொல்லிவிட்டார். 2001இல் வெளிவந்த அவருடைய ‘டவுகா புராண்’ முழுக்க முழுக்க ஃபிஜி இந்தியில் எழுதப்பட்ட நாவல். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்ற பேராசிரியர் அவர். தோட்டத்து மனிதர்களின் கதைக்கு அவர்களுடைய பேச்சையே தேர்ந்துகொண்டார். 2018இல் வந்த ‘ஃபிஜி மா’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. ரேமண்ட் பிள்ளை இதே மொழியில் ‘அதூரா சப்னா’ என்ற நாடகம் எழுதினார். இருவரின் பெயர்களுமே தெற்கத்தித் தொடர்பைச் சொல்கின்றன. சுரினாமில் ஜீத் நாராயண், அங்கு போன இந்தியர்களின் பேச்சான சர்நாமி மொழியில் கவிதை எழுதினார். இந்த எழுத்தெல்லாம் மண்ணிலிருந்து தானே முளைத்தது.

மொரீஷியஸின் மக்கள்தொகைக் கணக்கு இன்னொரு பாடம். வீட்டில் போஜ்புரி பேசுவோர் 2000இல் 12.1 விழுக்காடு, 2011இல் 5.3 விழுக்காடு. அதே ஆண்டுகளில்தான் அங்கே பள்ளிகளில் இந்தி கற்பிக்கப்பட்டது, செயலகமும் திறக்கப்பட்டது. இந்திப் பாடம் போஜ்புரியை அழித்தது என்று நாம் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பிடித்தது கிரியோல். ஆனால் வீட்டு மொழி கரைந்துபோவதை இந்திப் பாடத்தால் தடுக்க முடியவில்லை என்பது கண்கூடு.

பொது இந்தி தெரிந்தால்தானே பிரேம்சந்தைப் படிக்க முடியும், கிளைமொழியில் எழுதினால் வாசகர் எங்கே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மொரீஷியஸின் அபிமன்யு அனத் ‘லால் பசீனா’ நாவலை அந்த இந்தியில்தான் எழுதினார். அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. பொது இந்தி வேண்டாம் என்பது நம் வாதமும் அல்ல. வீட்டு மொழியை மதித்து, அதன்மேல் நின்று அதைக் கற்பிக்கட்டும் என்கிறோம். மற்றபடி, கொச்சை என்ற ஏளனத்துக்கு வரலாற்றில் இடமில்லை. கூலிகள் உடன் கொண்டுபோன துளசிதாசரின் ராமாயணமே அவதியில் எழுதப்பட்டதுதான்.

இந்தித் திணிப்பை எதிர்க்கும் தமிழ்ச் சிற்றிதழுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்ன ஐந்து கோடிப் பேரும் இந்தியின் கீழேதான் எண்ணப்பட்டார்கள். பிறர்மேல் ஒரு மொழியைத் திணிப்பதும், அதன் பெயரால் அதன் சொந்தக் கிளைகளை மறைப்பதும் ஒரே மனப்போக்கின் இரு செயல்கள். ஒன்றை எதிர்ப்பவர் மற்றதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க முடியாது.

தொடக்கப் பள்ளிகளில் பேச்சு வழக்கிலுள்ள ஃபிஜி இந்தியைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று ஃபிஜியின் 2013 அரசியல் சட்டமே சொல்கிறது. அதற்கான பாடநூல்களுக்கும் அகராதிகளுக்கும் வட்டார எழுத்தாளர்களின் பதிப்புகளுக்கும் மாநாட்டுப் பணத்தில் ஒரு பங்கு போகட்டும். தமிழில் நம்மால் ஆகக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. கரிசல் பேச்சை இலக்கியமாக்கிய கி. ராஜநாராயணனை வாசித்தவர்களுக்கு ‘டவுகா புராண்’ அந்நியமாகத் தோன்றாது. அதைத் தமிழுக்குக் கொண்டுவர முன்வரும் மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு எழுதலாம். பக்கங்கள் தர இந்த இதழ் ஆயத்தமாக இருக்கிறது.