வெண்புள்ளியை மறைப்பதால் வரும் கேடு

கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்குக் கையிலோ கழுத்திலோ வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்துவிட்டால், பெற்றோருக்கு முதலில் வருவது டாக்டரைப் பற்றிய நினைவு அல்ல, வரனைப் பற்றிய கவலை. முழுக்கை ரவிக்கை தைக்கிறார்கள். கோயிலுக்கு அழைத்து வருவதைக் குறைக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம்கூட விஷயத்தைச் சொல்வதில்லை. கடல் கடந்து வந்து, நல்ல உத்தியோகங்களில் அமர்ந்து, பேர்லண்டிலும் லிவர்மோரிலும் பிரிட்ஜ்வாட்டரிலும் ஆலயங்கள் எழுப்பிய பின்னும் இந்த ஒரு பயம் நம்மவரை விடவில்லை.

பயத்துக்கு முதற் காரணம் பெயர். 'வெண்குஷ்டம்' என்ற பழைய வழக்கு இதைக் குஷ்டரோகத்தோடு சேர்த்துவிட்டது. குஷ்டம் கிருமியால் வருவது. வெண்புள்ளிக்குக் கிருமி காரணமில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே பந்தியில் சாப்பிட்டால் பரவாது. தமிழக அரசே அந்தப் பழைய சொல்லை விலக்கி 'வெண்புள்ளி' என்று வழங்கும்படி ஆணையிட்டது. ஆயினும் பெயர் மாறிய அளவுக்கு மனம் மாறவில்லை.

மறைப்பதால் மனக்கஷ்டம் மட்டுமல்ல, தேகத்துக்கும் ஆபத்து உண்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று எண்ணித் தாக்குவதால்தான் தோல் வெளுக்கிறது. காவலுக்கு வைத்தவனே வீட்டாரை அடிப்பது போன்றது இது. சிலருக்கு இந்தத் தாக்குதல் தோலோடு நிற்பதில்லை. நாளமில்லாச் சுரப்பிகளான தைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல், இன்சுலின் சுரக்கும் கணையம் ஆகியவற்றிலும் கை வைக்கிறது.

இது புதிதாகக் கண்ட விஷயமல்ல. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் தாமஸ் அடிசன், அட்ரினல் நோயைப் பற்றி 1855-ல் எழுதிய நூலிலேயே தோல் வெளுத்த நோயாளியைப் பற்றிய குறிப்பு உண்டு. 2007-ல் கொலராடோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்பிரிட்ஸ் குழுவினர், வெண்புள்ளியும் இத்தகைய மற்ற நோய்களும் சேர்ந்து காணப்படும் குடும்பங்களை ஆராய்ந்து, அதில் பங்குள்ள ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெண்புள்ளி உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்குத் தைராய்டு கோளாறு இருந்தது தெரிந்தது. ஆகவே பலருக்கு ஒன்றும் இராது, பீதியும் வேண்டாம். ஆனால் பாராமல் இருந்துவிடக் கூடாது.

தைராய்டு குறைந்தால் ஓயாத அசதி, உடல் பருமன், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு எல்லாம் வரலாம். "வேலை அதிகம், குளிர் தேசம்" என்று சொல்லி நாளைக் கடத்துவது சுலபம். கவனியாமல் விட்டால் கர்ப்ப காலத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல். கல்யாணம் தடைப்படுமே என்று மறைத்த விஷயம், கல்யாணத்துக்குப் பின் இப்படி வந்து நிற்கக் கூடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். அட்ரினல் குறைவு அபூர்வம், ஆனால் கவனியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. காரணமின்றி இளைத்தல், மயக்கம், உப்பின் மேல் ஆசை, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. கார்போகரிசித் தைலம் தடவி வெயிலில் நிற்பதைத் தாமாகச் செய்தால் தோல் வெந்து போகலாம். முறையான ஒளிச் சிகிச்சை இருக்கிறது. 2022-ல் ரக்சோலிட்டினிப் என்ற களிம்பும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

"வெளியில் தெரிந்தால் சம்பந்தம் கிடைக்காதே" என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரறியச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்குவது சம்பந்தம் பேசும் மற்றவர்கள்தான். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டு, ஒரு புள்ளிக்காக நல்ல பெண்ணையோ பிள்ளையையோ வேண்டாம் என்பது எந்த தர்மம்? வெண்புள்ளி உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

கோயில்களில் மருத்துவ முகாம் நடத்தும் சங்கங்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதோடு, வெண்புள்ளி உள்ளவர்களைத் தைராய்டு பரிசோதனைக்கும் அனுப்பலாம். அங்கத்தினர்களான டாக்டர்கள் தமிழில் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேசலாம். மற்றவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: பிரசாத வரிசையில் முன்னால் நிற்பவரின் கையை உற்றுப் பார்க்காமல், முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் போதும். ஆண்டவன் சன்னிதியில் ஒருவரும் கையை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.