வினாத்தாளுக்கு வெளியே இருக்கும் ஆங்கிலம்

வடக்கில் உயர்தரம் படித்தவர்களுக்குத் தொண்டைமானாறு என்றதும் இரண்டு நினைவு வரும். ஒன்று, ஆற்றங்கரையில் இருக்கும் சந்நிதி முருகன். மற்றது வினாத்தாள். வட மாகாணக் கல்வித் திணைக்களத்துடன் இணைந்து தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் தவணைப் பரீட்சையை ஒரு தடவையேனும் எழுதாமல் யாழ்ப்பாணத்துப் பிள்ளை உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போவது அரிது. பௌதிகவியலோ கணக்கீடோ, பழைய தாள்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துச் செய்து பார்ப்பதுதான் இங்கே படிப்பு. அதனால் பலன் கண்டவர்கள் ஏராளம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே நம்பிக்கையோடு பிள்ளைகள் வங்கி ஆட்சேர்ப்புப் பரீட்சையின் ஆங்கிலத்துக்குள் இறங்கும்போதுதான்.

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்று சொன்ன ஊர் இது. கோறணமேந்துக்கு, அதாவது அரசாங்க உத்தியோகத்துக்கு, அடுத்தபடி இன்று பாங். போர் முடிந்த 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கிளை மேல் கிளையாகத் திறந்தன. பல்கலைக்கழகம் கிடைக்காதவரும் பட்டம் முடித்துவிட்டு நியமனம் பார்த்துக் காத்திருப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். விளம்பரங்களில் பெரும்பாலும் சாதாரண தரக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி கேட்பார்கள். பிறகு எழுத்துப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை. நுண்ணறிவு வினாக்களை நம் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிடுவார்கள். பொது அறிவை ஒரு மாதத்தில் ஒப்பேற்றலாம். ஆங்கிலம்தான் காலை வாரும்.

அந்தக் கால்வாரலுக்கு ஒரு வரலாறு உண்டு. சாதாரண தர ஆங்கிலம் தலைமுறை தலைமுறையாக எழுத்துத் தாளாகவே இருந்து வந்திருக்கிறது. வாய் திறக்காமலே அதில் ‘ஏ’ எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. ஆனால் அதன் புள்ளி இசட் புள்ளிக்குள் வராது, பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது. உதவாத பாடத்துக்கு யார் நேரம் கொடுப்பார்கள்? ரியூசன் நேரசூசியில் அதற்கு இடமே இல்லை. பதினாறு வயதுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில், ஒரு மொழி நன்றாக ஊன்றக்கூடிய அந்த ஆண்டுகளில், ஆங்கிலப் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதைத்தானே அது படிக்கும்?

வங்கி விளம்பரம் வந்ததும் அலுமாரி திறக்கிறது. முடிவுத் திகதிக்கு மூன்று வாரம், பரீட்சைக்கு இன்னும் சில வாரம். கைபேசியில் தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் இந்திய வங்கித் தேர்வுக்கான காணொளிப் பாடங்கள். அங்கே வங்கிகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரித் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 வினா, 20 நிமிடம். வினா ஒன்றுக்கு 40 விநாடி. பிழையான விடைக்குக் கால் புள்ளி போகும். லட்சக்கணக்கானவர்களை வடிகட்ட அமைத்த வேக ஓட்டம் அது. எந்த வினாவைத் தொடுவது, எதை விட்டு ஓடுவது என்ற தந்திரத்தைத்தான் அந்தக் காணொளிகள் முதலில் சொல்லிக் கொடுக்கின்றன. அந்தத் தேர்வுக்கு அது சரி. வல்வெட்டித்துறையிலும் நெல்லியடியிலும் இருந்து அதைப் பார்க்கும் பிள்ளைக்கோ மிஞ்சுவது ஒத்தசொல் பட்டியலும் மரபுத்தொடர்ப் பட்டியலும்தான். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றில் பாதியை எந்த வங்கியும் எந்தக் கடிதத்திலும் எழுதியிருக்காது.

(இந்தியாவிலும் இந்த மூச்சுத்திணறல் இல்லாமல் இல்லை. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழ் உட்பட 13 பிராந்திய மொழிகளில் நடத்த 2021இல் முடிவானது. கணக்கும் பகுத்தறிதலும் தமிழுக்கு வந்தன. ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே நிற்கிறது.)

பரீட்சை கேட்கும் ஆங்கிலம் ஒருபக்கம் இருக்கட்டும். கிளைக்குள் என்ன ஆங்கிலம் நடமாடுகிறது? கருமபீடத்தில் தமிழ்தான். நகை அடகு வைக்க வரும் அம்மாவும், வெளிநாட்டுக் காசு எடுக்க வரும் ஐயாவும், படகு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வரும் தம்பியும் தமிழில் பேசி, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் சமாதானமாகிப் போவார்கள். பின்னால் கணினித் திரையிலும் கொழும்பில் இருந்து வரும் சுற்றறிக்கையிலும் கடன் கோவையிலும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் மின்னஞ்சலிலும் ஆங்கிலம் இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று எழுதி வைத்தது. அந்த வாசகம் நாட்டில் எங்கு பொருந்துகிறதோ இல்லையோ, ஒரு யாழ்ப்பாணக் கிளைக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் நடுவில் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

அந்த ஆங்கிலத்தில் அலங்காரம் கிடையாது. நிபந்தனைகள் நிறைந்தது அது. இது நடந்தாலன்றி அது கொடுக்கப்படாது, இன்ன திகதிக்குள் செலுத்தாவிட்டால் இன்னது அறவிடப்படும், இதற்கு விதிவிலக்கு இவர்கள் என்று போகும். செய்பவர் யார் என்று சொல்லாமல் நீளும் செயப்பாட்டு வாக்கியங்கள். தமிழில் சிந்திக்கும் பிள்ளை தடுமாறுவதும் இங்கேதான். வாக்கியத்தின் கடைசியில் வினையை எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடுவில் வினை வந்து அதன் பின்னால் மூன்று நிபந்தனை தொங்குவது சள்ளையாகத்தான் இருக்கும். சொற்பட்டியலால் இதைச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட வாக்கியங்களைப் பக்கம் பக்கமாக வாசித்தால்தான் கண் பழகும்.

உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படிப்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், பிள்ளைகள் சமயத்துக்கு வராமல் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போகிறார்கள் என்று அமெரிக்காவில் இருந்து வந்த மேலிடத்தார் கண்டதுதான். அந்த மனக்குறையைத் தாண்டியும் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பிற்பாடு ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த கதை தெரிந்ததே. அந்தப் பொற்காலம் திரும்பவேண்டும் என்று பெருமூச்சு விடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு சிலருக்கு மட்டுமே திறந்திருந்த கதவு. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்கள் ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்கவில்லை. கணிதத்தையும் வானியலையும் அதனூடாகப் படித்தார்கள். மொழி வேறொரு வேலையின் நடுவே வந்து சேர்ந்தது.

இன்றைக்கு அதற்கு ஈடான ஒரு வசதி காசில்லாமல் கிடக்கிறது. இலங்கை மத்திய வங்கி நாணயக் கொள்கை பற்றிய தன் ஊடக அறிக்கைகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுகிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தி, துணைநில் வைப்பு வசதி வீதத்தை 13.50 சதவீதத்துக்கும் கடன்வழங்கல் வசதி வீதத்தை 14.50 சதவீதத்துக்கும் கொண்டுபோன நாள் அது. அந்த ஆண்டு வட்டி ஏறியதை வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் பரீட்சைப் பந்தி அல்ல. முதலில் தமிழில் வாசிக்கலாம். பிறகு அதையே ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசிக்கலாம். அடுத்த நாள் இரண்டையும் மூடிவைத்து, வட்டி ஏன் உயர்ந்தது என்று ஒரு வாடிக்கையாளருக்கு ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம். பிறகு 2024 நவம்பரில் இரண்டு வீதங்களுக்குப் பதிலாக 8 சதவீத ஓரிரவு கொள்கை வீதம் வந்த அறிக்கைக்குப் போகலாம். மத்திய வங்கியின் தமிழ் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கடினம் என்பது உண்மை. அந்த இடங்களில் ஆங்கிலம் தமிழை விளங்கவைக்கும்! பொது அறிவுத் தாளுக்கும் இதே வாசிப்பு உதவும்.

இதற்குத் துணை வேண்டும். தனியே எழுதிய ஐந்து வரியில் பிழை எங்கே என்று தனக்குத்தானே தெரியாது. பாடசாலைப் பாடங்களுக்கு ஆசிரியர்கள் கூடித் தாள் தயாரித்து, ஒரே அளவுகோலில் திருத்தும் பழக்கம் நம் மாகாணத்தில் வேரூன்றியிருக்கிறது. தொழில்சார் ஆங்கிலத்துக்கும் அப்படியொரு தாள், சுற்றறிக்கை வாசிப்பும் கடிதம் எழுதுதலும் கொண்டதாக, வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் போதும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பிறகு பல்கலைக்கழகம் திறப்பதற்கும் காத்திருக்கும் நெடிய மாதங்களில் அதை எழுதலாம். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் மிஞ்சுவது பட்டியல்தான்.

வங்கிகளும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். மாதிரித் தாளையும் புள்ளித்திட்டத்தையும் வெளியிட்டால், யாழ்ப்பாணப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்து ஓடத் தொடங்கலாம். வேலைக்கு எது தேவையோ அதைச் சோதிக்கலாம். நேர்முகப் பரீட்சையில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ரியூட்டரியில் பாடமாக்கிய எட்டு வரிதான் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, கடன் ஒப்பந்தத்தில் இருந்து ஆங்கிலப் பந்தி ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இந்தக் கடனுக்குப் பிணை நிற்க வந்திருக்கும் ஒருவருக்கு இதைத் தமிழில் விளங்கப்படுத்துங்கள், பிறகு அவர் கேட்கும் கேள்வியைத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள்’ என்று சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். தான் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று அந்தப் பிணையாளிக்கும் தெரிந்திருக்கும்.